டேக் ஓஃப் பழகிய கதை

ஆங்கில ஃபிரேசல் வேர்ப்களை, அதாவது ஒரு வினையோடு சிறு சொல் சேர்ந்து தனிப் பொருள் தரும் தொடர்களை, ஒவ்வொன்றாக எடுத்துக் கொப்பியில் எழுதிப் பழகி வருகிறேன். ஒரு வினையைப் பிடித்தால், அது எங்கெல்லாம் காதில் விழுகிறது என்று கவனிப்பதுதான் முறை. இப்போது நடப்பது டேக் ஓஃப் (take off). பொத்துவிலில் இருப்பவருக்கு இது வசதியான வினை. சேர்ஃபிங் (பலகையில் நின்று அலைமேல் சறுக்குவது) சீசனில் பக்கத்துக் கடற்கரையான அறுகம்குடாப் பக்கம் போனால் கேட்காமல் திரும்ப முடியாது.

அகராதி இதற்குப் பல பொருள் தருகிறது: கழற்றுவது, விமானம் கிளம்புவது, விலை குறைப்பது, லீவு எடுப்பது, சட்டென்று புறப்படுவது, தொழில் சூடுபிடிப்பது, ஒருவரைப் போல நடித்துக் காட்டுவது. வரிசையாக எழுதிப் பார்த்தேன், மனதில் நிற்கவில்லை. அப்புறம் ஒரே கேள்வியால் பிரித்தேன்: "எதை?" என்று கேட்க முடிகிறதா?

"த பிளேன் டூக் ஓஃப்." இங்கே எதை என்று கேட்க இடமில்லை. கடை நன்றாக ஓடத் தொடங்குவதும், ஆள் அவசரமாகக் கிளம்புவதும் இந்தப் பக்கம்தான். எதை என்று கேட்க முடிந்தால் பெரும்பாலும் அகற்றுவதுதான் பொருள்: சப்பாத்தை, ஓட்டோக் கூலியில் 500 ரூபாவை, வேலையிலிருந்து ஒரு நாளை. நடித்துக் காட்டுவது மட்டும் இதில் அடங்கவில்லை. பிரித்தானியப் பேச்சில்தான் அது அதிகம், எனவே தனியே குறித்தேன்.

சொல் நிற்கும் இடத்தையும் வாய்விட்டுப் பழகினேன். "டேக் ஓஃப் யுவர் ஷூஸ்", "டேக் யுவர் ஷூஸ் ஓஃப்" இரண்டும் சரி. ஆனால் 'தெம்' (them, அவற்றை) வந்தால் நடுவில்தான்: "டேக் தெம் ஓஃப்". கோயில் வாசலிலும் பள்ளிவாசல் படியிலும் செருப்பைக் கழற்றும்போதெல்லாம் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். விதியைப் படித்ததைவிட இது நன்றாகப் பதிந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது கடற்கரையில் கிடைத்ததுதான். அலை பலகையைத் தூக்கும் கணத்தில் எழுந்து நிற்பதற்கும் டேக் ஓஃப் என்றுதான் பெயர். அலை உடையப்போகும் நேரத்தில் எழுந்தால் அது லேட் டேக் ஓஃப். பெயர்ச்சொல்லாக வரும்போது அழுத்தம் 'டேக்'கில் விழும்; வினையாக வந்தால் 'ஓஃப்'பில். சேர்ஃபிங் சொல்லிக்கொடுக்கும் எங்கள் ஊர்த் தம்பிமார் இந்த வித்தியாசத்தை யாரும் கற்பிக்காமலே சரியாகச் சொல்கிறார்கள். உச்சரிப்புக்கு நான் அவர்களைத்தான் பின்பற்றுகிறேன்.

அடுத்தது புட் ஓஃப் (put off). தள்ளிப்போடுவது, மனதை விலகச் செய்வது என்று அதற்கும் பொருள்கள் உண்டு. ஆனால் இரண்டிலும் "எதை", "யாரை" என்று கேட்கலாம். ஆகவே வேறொரு கேள்வி தேட வேண்டும்.