நம்மூர் ரோட்டுக்கு அடி இடிக்குமா?

சின்ன கார் வாங்கலாம் என்று வாயைத் திறந்தால் போதும், எங்கள் கும்பகோணம் பக்கத்தில் மைலேஜுக்கு அடுத்த கேள்வி இதுதான்: “ஊருக்குள்ள வந்தா அடி இடிக்குமா?” கேட்டவரிடம் ஷோரூம்காரர் ஒரு எண்ணைச் சொல்லி அனுப்பிவிடுவார், தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி (கிரவுண்ட் கிளியரன்ஸ்). ஸ்விஃப்ட்டுக்கு 163 மி.மீ., இக்னிஸுக்கு 180, டாடா பஞ்ச் காருக்கு 187. முதலுக்கும் கடைசிக்கும் வித்தியாசம் இரண்டரை சென்டிமீட்டர்கூட இல்லை. அதற்காகப் பட்ஜெட்டையே மாற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எண்ணைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் டெல்டாவில் வண்டி அடி இடிப்பதும் இடிக்காததும் அந்த எண்ணைவிட, உள்ளே எவ்வளவு ஏற்றியிருக்கிறோம், ரோட்டில் எந்த மாதிரி மேடு இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

முதலில் பாரம். அந்த எண் பெரும்பாலும் காலி வண்டிக்குச் சொல்வது. நாம் எப்போது காலியாக ஓட்டினோம்? ஊருக்குப் போகும்போது ஐந்து பேர், திரும்பும்போது அதே ஐந்து பேரோடு டிக்கியில் ஒரு சிப்பம் அரிசி, நாலு தேங்காய், ஒரு வாழைத்தார். பின் ஸ்பிரிங் அமுங்கி வண்டி உட்கார்ந்துவிடும். போகும்போது சத்தமில்லாமல் தாண்டிய அதே வேகத்தடை, வரும்போது சைலன்சரில் கரகரவென்று உரசுவது இதனால்தான். டிக்கியில் சிஎன்ஜி சிலிண்டர் இருந்தால் கேட்கவே வேண்டாம், அந்தக் கனம் எப்போதும் பின்னாலேயே உட்கார்ந்திருக்கும்.

வேகத்தடைக்கு ஒழுங்கான அளவு ஒன்று இருக்கிறது. சாலைகளுக்கு அளவு வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸ் சொல்வது வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், மணிக்கு 25 கிலோமீட்டரில் தாண்டலாம். ஸ்விஃப்ட்டின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 2.45 மீட்டர்தான், அதனால் அந்த மேட்டில் வண்டி மொத்தமாக ஏறி நின்று இறங்கிவிடும், வயிறு தொடாது. நம் தெருக்களில் இருப்பது அதுவா? யாரோ ஒரு பையன் பைக்கில் பறந்தான் என்று ராத்திரியோடு ராத்திரியாக ஜல்லியும் சிமெண்டும் கொட்டிக் கட்டிய குறுகலான வரப்பு. முன் சக்கரம் இறங்கும் நேரத்தில் அந்த வரப்பு முழு உயரத்தோடு நேராக வயிற்றுக்குக் கீழே வந்து நிற்கிறது, இறங்கிய வேகத்தில் ஸ்பிரிங்கும் அமுங்குகிறது, அப்புறம் 163 என்ன, 187 என்ன.

இதற்குப் பலரும் செய்யாத ஒரு விஷயம், பிரேக்கை மேட்டுக்கு முன்னாலேயே முடித்துவிடுவது. பிரேக்கை மிதித்தபடியே ஏறினால் வண்டியின் மூக்கு குனிந்திருக்கும், இருக்கிற இடைவெளியும் போய்விடும். வேகத்தைக் குறைத்து, பிரேக்கை விட்டு, முதல் கியரில் உருட்டினால் போதும். ரொம்பக் குறுகலான மேடு என்றால் கொஞ்சம் சாய்வாக ஏறி, சக்கரம் சக்கரமாக இறக்கலாம். பின்னால் மினி பஸ் ஒட்டிக்கொண்டு வந்தால் அந்த வித்தை வேண்டாம். கடைசி வழி, “சித்தப்பா, கொஞ்சம் இறங்கிக்குங்களேன்” என்று கேட்பது. சித்தப்பா முகம் சுருங்கும், வண்டி தப்பிக்கும்.

உண்மையான தலைவலி வேகத்தடை இல்லை. குடவாசல், நன்னிலம் பக்கம் மெயின் ரோட்டை விட்டு உள்ளே இறங்கினால் தெரியும். சம்பா அறுப்பு நடக்கிற தை, மாசியில் கொள்முதல் நிலையத்துக்கு நெல் ஏற்றிப் போகிற டிராக்டர்கள் மண் ரோட்டில் இரண்டு பக்கமும் பள்ளம் பறித்து, நடுவில் ஒரு மேட்டை விட்டுவிடும். கார் அந்தப் பள்ளத்திலேயே போனால் சக்கரம் கீழே, நடுமேடு ஆயில் சம்ப்பில், அதாவது எஞ்சினுக்கு அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியில். வயிறு மேட்டில் உட்கார்ந்துவிட்டால் சக்கரம் சும்மா சுற்றும். ஒரு பக்கச் சக்கரத்தை நடுமேட்டில் ஏற்றி, இன்னொன்றை ஓரத்தில் விட்டு ஓட்டுவதுதான் வழி. ஆனால் ஓரத்தில் வாய்க்கால் இருந்து, முந்தின நாள் மழையும் பெய்திருந்தால் களிமண் கரை சக்கரத்தோடு சரியும். அப்போது மெயின் ரோட்டிலேயே வண்டியை விட்டுவிட்டு நடந்து போவது கௌரவக் குறைச்சல் இல்லை.

அறுப்புக் காலத்தில் தார் ரோடும் லேசுப்பட்டதில்லை. பாதி ரோட்டில் நெல் காயும், வண்டி ஏறாமல் இருக்க ஓரத்தில் வரிசையாகக் கருங்கல்லும் செங்கல்லும். சாயங்காலம் நெல்லை அள்ளிக்கொண்டு போவார்கள், கல் ஒன்றிரண்டு அங்கேயே கிடக்கும். இருட்டில் அதைப் பார்த்ததும் இரண்டு சக்கரத்துக்கும் நடுவே விட்டுவிடலாம் என்றுதான் கை போகும். அப்படிச் செய்யவே கூடாது. லாரிக்கு அடியில் போகிற கல் நமக்கு அடியில் போகாது. நின்று, ஒதுங்கி, முடிந்தால் இறங்கிக் கல்லை ஓரம் போட்டுவிட்டுப் போங்கள், பின்னால் வருகிற டூவீலருக்கும் புண்ணியம்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் ரோட்டில் தண்ணீர் நிற்கும்போது, “நம்ம வண்டி உசரம், போயிடும்” என்று இறங்குவார்கள். அடி உயரத்துக்கும் தண்ணீரில் போவதற்கும் சம்பந்தம் குறைவு. எஞ்சின் காற்று இழுக்கும் வாய் எங்கே இருக்கிறது என்பதுதான் கணக்கு. அதற்குள் தண்ணீர் போய் வண்டி நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் மட்டும் செய்யாதீர்கள், எஞ்சினுக்குள் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடே வளைந்துவிடும்.

சரி, வண்டியை உயர்த்தலாமா? ஸ்பிரிங்குக்கு நடுவில் ரப்பர் பஃபர் வைத்துத் தருவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஓட்டம் முரடாகிவிடும், வாரண்டியிலும் வம்பு வரலாம். பழைய வண்டி என்றால் தளர்ந்த பின் ஸ்பிரிங்கை மாற்றிப் பாருங்கள், போன உயரம் கொஞ்சம் திரும்பி வரும். டயரை 175/65 ஆர்14-இலிருந்து பக்கச் சுவர் கொஞ்சம் உயரமான 175/70-க்கு மாற்றினால் கூடுவது 9 மி.மீ.கூட இல்லை, ஸ்பீடாமீட்டர் மட்டும் 3 சதவீதம் போல உண்மையைவிடக் குறைத்துக் காட்டும்.

செலவு செய்ய மனசிருந்தால் எஞ்சினுக்கு அடியில் இரும்புத் தகடு போடுங்கள். அதுவும் கொஞ்சம் உயரத்தைத் தின்னும்தான், ஆனால் சம்ப் உடைவதற்குத் தகடு நெளிவது எவ்வளவோ மேல். ஒரே நிபந்தனை: ரோட்டில் பரப்பிய வைக்கோல் மேல் ஓட்டிவிட்டு வந்தால் குனிந்து பாருங்கள், தகட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு பிடி சுருண்டிருக்கும். சைலன்சர் சூட்டில் அது பற்றிக்கொள்ளும், வண்டி ஆறியதும் கையோடு உருவிப் போட்டுவிட வேண்டும்.