கையெழுத்துக்குக் காத்திருந்த பட்டியல்

கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் 13 வருடம் வேலை செய்தேன். கடைசி வரைக்கும் எனக்குப் பழகாத ஒரு விஷயம் உண்டு. தெரிவுக்குழு தேசிய கிரிக்கெட் குழாமைத் தெரிவு செய்து முடித்த பிறகும் அது அணி ஆகிவிடாது, விளையாட்டுத்துறை அமைச்சரின் அங்கீகாரம் வர வேண்டும். 1973ஆம் ஆண்டு விளையாட்டுச் சட்டம் அப்படி. பெயர்கள் எல்லாம் கையில் இருக்கும், கையெழுத்து வந்துவிட்டதா என்று பத்துப் பேருக்கு போன் போட்டுக்கொண்டிருப்போம்.

2017 டிசம்பர் 4 இரவை மறக்கவே முடியாது. இந்தியாவுடனான ஒருநாள் தொடருக்கு வீரர்கள் புறப்பட்டார்கள் என்று பக்கத்தைக் கட்டி முடித்துவிட்டோம், தேநீர் குடிக்கக் கீழே இறங்கும்போது நிருபர் தம்பி கூப்பிட்டான்: "அண்ணை, நிப்பாட்டுங்கோ, பெடியளத் திருப்பிக் கூப்பிட்டிட்டாங்கள்." அமைச்சரின் அங்கீகாரம் பெறாத குழாம் என்று, விமானம் ஏற இருந்த 9 பேரையும் தடுத்துவிட்டார்கள். அப்புறம் பட்டியல் சரிசெய்யப்பட்டு அணி போனது. 10ஆம் தேதி தரம்சாலாவில் இந்தியாவை 112 ஓட்டங்களுக்குச் சுருட்டி 7 விக்கெட்டால் வென்றது. அலுவலகமே கைதட்டியது, நானும்தான். ஆனாலும் ஒரு வீரன் தன் பெயர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் வீடு திரும்பும் அந்த நேரத்தில் அவன் மனம் யாரை நம்பும், தன் துடுப்பையா, தெரிந்த ஆட்களையா என்ற யோசனை என்னை விடவில்லை.

2011இல், நான் வேலைக்குப் புதிது, சனத் ஜயசூரிய மாத்தறை மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினராக இருந்துகொண்டே இங்கிலாந்துக்கு எதிரான குழாமில் இடம்பிடித்தார். 42 வயதுக்கு இரண்டு நாள் இருக்கையில் லண்டன் ஓவல் மைதானத்தில் 2 ஓட்டங்களுடன் விடைபெற்றார். 1996இல் எங்களுக்கு உலகக் கிண்ணம் வாங்கித் தந்தவர்களில் ஒருவர், அவர் மீது எனக்கு மரியாதை குறையவில்லை. ஆனால் ஆளும் கட்சி எம்.பி. ஒருவரின் பெயர் பட்டியலில் வந்தால், இது ஆட்டத்துக்குக் கிடைத்த இடமா என்று சனம் கேட்கத்தான் செய்யும், அப்படிக் கேட்க வைத்ததே பெரிய பிழை.

அமைச்சர் விவகாரமாவது வெளியே தெரியும். உள்ளே இருப்பது கழகங்களின் வாக்கு. இலங்கைக் கிரிக்கெட் சபைத் தேர்தலில் கழகங்களுக்கு வாக்கு உண்டு, சபையிடம் பணம் உண்டு, அதனால் எந்தக் கழகத்தையும் குறைக்க எவருக்கும் மனம் வராது. ஆஸ்திரேலியாவில் 6 மாநில அணிகள் முதல்தரக் கிரிக்கெட் ஆடும்போது எங்களிடம் ஒரு கட்டத்தில் 26 கழகங்கள். ஸ்கோர் அட்டைகளைத் தட்டச்சு செய்தவன் என்பதால் சொல்கிறேன், சில வாரம் சதங்கள் மழை மாதிரி வரும். யாருடைய பந்துவீச்சுக்கு எதிராக, எந்த ஆடுகளத்தில் என்று பார்த்தால் ஒன்றுமே விளங்காது. எண்கள் பேசாத இடத்தில்தான் தொலைபேசி பேசத் தொடங்குகிறது.

2023 நவம்பர் 2இல் மும்பை வான்கடேயில், உலகக் கிண்ணப் போட்டியில் இந்தியாவுக்கு எதிராக 55 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தோம். 6ஆம் தேதி அமைச்சர் சபையைக் கலைத்தார், மறுநாள் நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது, 10ஆம் தேதி அரசாங்கத் தலையீடு என்று சர்வதேச கிரிக்கெட் பேரவையான ஐ.சி.சி. இலங்கையையே இடைநிறுத்தியது. இங்கே நடக்கவிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாப்பிரிக்காவுக்குப் போய்விட்டது. சொந்த மண்ணில், அம்மா அப்பா பார்த்திருக்க ஆட வேண்டிய பிள்ளைகள்!

அந்தக் கிழமைதான் ஒரு தகப்பன் அலுவலகத்துக்கு வந்தார். மகன் கழகப் போட்டிகளில் ஒரே பருவத்தில் 4 சதம், எந்தக் குழாமிலும் பெயர் இல்லை. "தம்பி, நீங்கள் பேப்பர்காரர், மேல ஆக்களைத் தெரிஞ்சிருக்கும். செலவைப் பற்றி யோசிக்காதேங்கோ, காணியை ஈடு வைக்கலாம்" என்றார். அப்படி யாரையும் தெரியாது ஐயா, காணியில் கை வைக்காதீர்கள் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. பழுப்பு உறை ஒன்றைத் திறந்து மேசையில் கொட்டினார். எங்கள் பக்கத்தின் நறுக்குகள், நான் தட்டச்சு செய்த ஸ்கோர் அட்டைகள். ஒவ்வொன்றிலும் மகனின் பெயருக்குக் கீழே சிவப்புப் பேனாவால் அளவுகோல் வைத்துக் கோடு இழுத்திருந்தார். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு தேதி வரிசைப்படி அவற்றை அடுக்கி உறைக்குள் வைத்தார், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தார்.