ரீசெட் அழுத்தினால் முள் நேராக 12-ல் நிற்க: க்ரோனோகிராஃப் ஹேமரைச் சரி செய்து பார்த்தது

என்னிடம் இருப்பது சீகல் எஸ்டி19 மூவ்மென்ட் (வாட்சின் உள் இயந்திரம்) போட்ட, சாவி கொடுக்கும் க்ரோனோகிராஃப் வாட்ச், அதாவது ஸ்டாப்வாட்சும் சேர்ந்த வாட்ச். ரீசெட் பட்டனை அழுத்தினால் ஸ்டாப்வாட்சின் நடு செகண்ட் முள் 12-க்குத் திரும்பும். ஆனால் சில தடவை அரை செகண்ட் முன்னால் நிற்கும், சில தடவை ஒரு இழை பின்னால். நேரம் காட்டுவதில் குறையே கிடையாது. வீட்டில் யாருக்கும் இந்த வித்தியாசம் தெரியவும் தெரியாது. எனக்கு ஒரு தடவை கண்ணில் பட்டுவிட்டது, அப்புறம் டயலில் வேறு எதுவும் தெரியவில்லை.

இந்த மூவ்மென்டின் பூர்வீகம் சுவிட்சர்லாந்து. வீனஸ் 175 என்ற பழைய மூவ்மென்டைச் செய்யும் இயந்திரங்களை 1960-களின் தொடக்கத்தில் சீனா வாங்கிக்கொண்டு போய், விமானப்படைக்காகச் செய்ய ஆரம்பித்தது. ஸ்டார்ட், ஸ்டாப், ரீசெட் மூன்றையும் சின்னத் தூண்கள் நிற்கும் ஒரு தூண் சக்கரம்தான் ஆள்கிறது. மணிக்கு 21,600 அதிர்வு, அதாவது செகண்டுக்கு 6. விலை கட்டுப்படியாகும் என்பதால், சுவிஸ் வாட்சில் கை வைக்கப் பயப்படுகிறவர்கள் இதைத் திறந்துதான் கற்றுக்கொள்கிறார்கள். நானும் அந்தக் கூட்டம்தான்.

முதலில் ரீசெட் எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். முள்ளோடு சேர்ந்து சுற்றும் அச்சில் ஹார்ட் வடிவத்தில் ஒரு கேம் (அச்சோடு சுழலும் தட்டை உலோகத் துண்டு) இருக்கும். லண்டனில் வேலை பார்த்த சுவிஸ்காரர் அடால்ஃப் நிக்கோல் 1844-ல் பேட்டன்ட் வாங்கிய விஷயம் இது. இன்றைக்கும் பெரும்பாலான மெக்கானிக்கல் க்ரோனோகிராஃபில் இதேதான். ஹேமர் என்ற சின்ன இரும்பு நெம்புகோல் வந்து ஹார்ட்டின் பக்கத்தில் அடித்ததும் ஹார்ட் வழுக்கிச் சுற்றும். அதன் பள்ளத்துக்கு இரு பக்கமும் உள்ள இரண்டு தோள்களும் ஹேமரின் தட்டை முகத்தில் ஒரே சமயத்தில் உட்காரும் இடத்தில் நிற்கும். இரண்டு புள்ளியில் தொட்டால்தான் கோணம் உறுதி. ஒரு தோள் மட்டும் தொட்டால் முள் தன் இஷ்டத்துக்கு ஆடும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. டயலில் ஒரு செகண்ட் என்பது 6 டிகிரி, அரை செகண்ட் 3 டிகிரி. முள்ளின் நீளம் 15 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் நுனியில் அது ஏறக்குறைய 0.8 மி.மீ.; யார் கண்ணுக்கும் தெரியும். ஹார்ட்டின் தோள் மையத்திலிருந்து அரை மி.மீ. தள்ளி இருந்தால், அதே 3 டிகிரிக்கு அங்கே 0.03 மி.மீ. இடைவெளி போதும். ஒரு தலைமுடியின் பாதி கூட இல்லை. பட்டனை இன்னும் பலமாக அழுத்தினால் சரியாகிவிடும் என்று நினைப்பது ஏன் வீண் என்பது இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

சரி, குறை எங்கே இருக்கிறது? முதல் சந்தேகம் முள்ளின் மேல்தான். ரீசெட் நொடியில் அந்த நீள முள் சடாரென்று சுழன்று சடாரென்று நிற்கிறது. அதன் குழாய் அச்சில் கொஞ்சம் தளர்வாக இருந்தால் ஒவ்வொரு அடிக்கும் வழுக்கும். இதைக் கண்டுபிடிக்க வாட்சின் பின்பக்கம் போதும். மூடியைத் திறந்தால் நடு க்ரோனோகிராஃப் சக்கரம் கண்ணுக்கு நேரே இருக்கிறது. அதன் ஒரு ஆரக்காலில் மைப்புள்ளி வைத்து, பிரிட்ஜின் (சக்கரங்களைத் தாங்கும் அசையாத தகட்டின்) விளிம்போடு ஒத்துப் பார்த்தபடி மறுபடி மறுபடி ரீசெட் அழுத்தினேன். புள்ளி ஒரே இடத்துக்கு வந்து முள் மட்டும் மாறினால் குற்றவாளி முள். எனக்குப் புள்ளியே மாறி மாறி நின்றது. எப்போதும் ஒரே அளவு தள்ளி நின்றிருந்தால் முள்ளைக் கழற்றி நேராகப் போட்டாலே வேலை முடிந்திருக்கும். தாறுமாறாக நின்றதால் ஹேமர்தான்.

அடுத்த சோதனை எல்லா வாட்ச்காரர்களும் செய்வது. ஹேமரை ஹார்ட்டின் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மெல்லிய மரக்குச்சியால் செகண்ட் சக்கரத்தை லேசாக அசைத்துப் பார்க்க வேண்டும். அசையவே கூடாது. பிறகு ஸ்டாப்வாட்சின் நிமிடங்களை எண்ணும் நிமிடச் சக்கரத்தை அசைக்க வேண்டும்; அதற்கும் தனி ஹார்ட் உண்டு. அது மட்டும் ஒரு இழை ஆடலாம். என் வாட்சில் நேர்மாறு: நிமிடச் சக்கரம் கல் மாதிரி, செகண்ட் சக்கரம் ஆடியது.

காரணம் புரிய நேரமாகவில்லை. ஹேமர் ஒரே இரும்புத் துண்டு, ஆனால் முகங்கள் இரண்டு. ஒன்று செகண்ட் ஹார்ட்டுக்கு, இன்னொன்று நிமிட ஹார்ட்டுக்கு. நிமிட முகம் முதலில் போய் உட்கார்ந்துவிட்டால் ஹேமர் அங்கேயே நின்றுவிடும், செகண்ட் முகம் தன் ஹார்ட்டை எட்டாது. பற்கள் எவ்வளவு ஆழமாகச் சேர வேண்டும் என்பதற்கெல்லாம் இந்த மூவ்மென்டில் எக்ஸென்ட்ரிக் ஸ்க்ரூ (திருப்பினால் பாகத்தைச் சற்றே நகர்த்தும் ஸ்க்ரூ) கொடுத்திருக்கிறார்கள். ஆனால் ஹேமரின் இரண்டு முகங்களுக்கு நடுவே உள்ள உறவை எந்த ஸ்க்ரூவாலும் மாற்ற முடியாது. கல்லில் தேய்ப்பதுதான் வழி.

தேய்ப்பதற்கு முன் பாரிமுனைப் பக்கம் ஒரு பெரியவரிடம் காட்டினேன். படிக்கட்டுக்கு அடியில் ஒரு மேஜை, ஒரு ஐகிளாஸ், பெட்ரோல் கிண்ணம், எச்எம்டி வாட்ச் பாகங்கள் நிறைந்த தகர டப்பாக்கள், அவ்வளவுதான் கடை. வேலையைத் தன்னிடம் கொடுக்கச் சொல்லவில்லை, அதுவே ஆச்சரியம். "தம்பி, ஹார்ட்டை மட்டும் தொடாதீங்க. ஹேமர் போனா வேற ஹேமர் வாங்கலாம். தேய்க்கும்போது முகம் சாயாம பாத்துக்கோங்க" என்றார். கையில் இருந்த பழைய எச்எம்டியிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. அவர் சொன்ன மாதிரி உபரி ஹேமர் ஒன்றை முதலில் வரவழைத்துக்கொண்டேன்.

தேய்க்கும் வேலையில் பெரும் பகுதி தேய்ப்பதே அல்ல. ஹேமரைக் கழற்று, அர்கன்சாஸ் என்ற சாணைக் கல்லில் நிமிட முகத்தை மட்டும் ஓரிரு தடவை இழு, பெட்ரோலில் கழுவு, மாட்டு, குச்சியால் அசைத்துப் பார், மறுபடி கழற்று. முகம் சதுரமாக நிற்பதற்காக ஹேமரை ஒரு பித்தளைத் துண்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். கையால் மட்டும் பிடித்தால் ஓரம் உருண்டுவிடும். அப்படி உருண்ட முகத்தில் ஹார்ட் ஒரு நாள் ஓரிடத்திலும் மறுநாள் வேறிடத்திலும் உட்காரும். மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் இதையெல்லாம் செய்ய முடியும். சென்னை மே மாதத்தில் அது ஒரு தனித் தவம். நெற்றி வியர்வை மூவ்மென்டில் சொட்டாமல் இருக்கத் தலையில் துண்டு கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கடற்கரையிலிருந்து தொலைவில் இல்லாத வீடு என்பதால், கழற்றிய இரும்புப் பாகங்களை இரவில் சிலிகா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வைப்பேன்.

செகண்ட் சக்கரம் இறுகி, நிமிடச் சக்கரத்தில் அந்த ஒரு இழை ஆட்டம் வந்ததும் நிறுத்தினேன். முகத்தை மெருகேற்றி மாட்டினேன். மைப்புள்ளி இப்போது ஒவ்வொரு முறையும் அதே விளிம்பில் வந்து நிற்கிறது.

நிமிடச் சக்கரத்துக்கு ஏன் ஆட்டம் விட வேண்டும்? ஒரு இரும்புத் துண்டால் இரண்டு ஹார்ட்டையும் ஒரே கணத்தில் கச்சிதமாகப் பிடிக்க முடியாது, அதனால் முக்கியமான செகண்டுக்கு இறுக்கத்தைக் கொடுத்துவிட்டு நிமிடத்தில் விட்டுக்கொடுக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது பாதி உண்மை. நிமிடச் சக்கரத்தை ஜம்பர் என்ற ஸ்பிரிங்கும் பிடித்துக்கொண்டிருக்கிறது. பல் பல்லாக நிற்க வைப்பது அதுதான். ஹேமர் சொல்லும் இடமும் ஜம்பர் சொல்லும் இடமும் நூல் அளவு வேறுபட்டால், ஸ்டார்ட் அழுத்தி ஹேமர் விலகும் நொடியில் நிமிட முள் ஒரு துள்ளு துள்ளும். என் வாட்சில் முன்பு அந்தத் துள்ளலும் இருந்தது. ஹார்ட்டில் இழை ஆட்டம் இருந்தால், ஹேமர் இருக்கும்போதே ஜம்பர் சக்கரத்தைத் தன் பள்ளத்துக்கு இழுத்துக்கொள்ளும். ஆட்டத்துக்கு அங்கே வேலை இருக்கிறது! துள்ளல் இப்போது முழுக்கப் போகவில்லை, வெகுவாகக் குறைந்திருக்கிறது.

பெரிய கம்பெனிகள் இதே தலைவலியை வேறு விதமாகத் தீர்த்திருக்கின்றன. பட்டேக் ஃபிலிப் 2009-ல் கொண்டுவந்த சிஹெச் 29-535 மூவ்மென்டில் ஹேமர்கள் தாமாகவே ஹார்ட்டுக்கு ஏற்ப உட்கார்ந்துகொள்கின்றன. கல்லில் தேய்த்துச் சரிபார்க்கும் வேலை இல்லை. அழகான யோசனை. ஆனால் தேய்த்து முடித்த ஒரு ஹேமரின் மேல் வரும் பாசம் அதில் வராது என்பது என் கட்சி.

கடைசியாக எண்ணெய். ஹார்ட்டின் சாய்வு பொதுவாகக் கோணத்துக்குச் சமமாக ஏறும்படி வெட்டப்படுவதால், எந்த இடத்தில் அடித்தாலும் சுழற்றும் விசை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் நுனிக்குப் பக்கத்தில் ஆரம் பெரிது, அதனால் உராய்வின் பிடியும் அதிகம். முள் 30-க்கு அருகில் இருக்கும்போது ரீசெட் செய்வதுதான் கடினமான பரீட்சை. போனில் 240 ஃப்ரேம் ஸ்லோமோஷன் வைத்து 29-லும் 31-லும் நிறுத்தி நிறுத்திப் படம் எடுத்தேன். உலர்ந்த ஹார்ட்டில் முள் புறப்படும் முன் ஒரு தயக்கம் தெரிந்தது. ஹேமர் முகத்தில் மோபியஸ் என்ற வாட்ச் கிரீஸை இருக்கிறதா இல்லையா என்ற அளவுக்குத் தொட்டுவிட்டதும் அந்தத் தயக்கம் போய்விட்டது. ஹார்ட்டை உலர்வாகவே விட வேண்டும் என்று சொல்பவர்களும் உண்டு. நம் ஊர்த் தூசியை நினைத்தால் அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. தூண் சக்கரத்தின் தூண்களுக்கும் ரீசெட் லீவர் உரசும் முனைக்கும் கிரீஸ் வைப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. பட்டனின் கரகரப்பு அதிலேயே பாதி குறைந்தது.

இனி மழைக்காலம் முடியும் வரை வாட்சைத் தினமும் கட்டி, கிரீஸ் தூசி பிடிக்கிறதா என்று பார்க்கப் போகிறேன். பிடித்தால் துடைத்துவிட்டு உலர்வாக விடுவேன். உபரி ஹேமர் இன்னும் பாக்கெட்டில்தான் இருக்கிறது. அதில் நிமிட முகத்தை இன்னும் ஒரு இழை குறைத்து, மிச்சத் துள்ளலும் போகிறதா என்று பார்க்க ஆசை.