காத்திருப்போர் கூடத்தில் ஒரு பாட்டு: 1956 யூரோவிஷனில் வால்டர் அன்ட்ரேயாஸ் ஷ்வார்ட்ஸ்

1956 மே 24. சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரம், குர்ஸால் அரங்கு. ஐரோப்பிய நாடுகள் தங்கள் பாடகர்களை அனுப்பி மோதும் யூரோவிஷன் பாட்டுப் போட்டி முதன்முறையாக நடந்தது அன்றுதான். அதில் நான்காவதாக மேடையேறியவர் வால்டர் அன்ட்ரேயாஸ் ஷ்வார்ட்ஸ். மேற்கு ஜெர்மனிக்காக அவர் பாடியது 'இம் வார்ட்டஸால் ட்ஸும் க்ரோஸன் க்லுக்'. சொல்லும் மெட்டும் இரண்டுமே அவருடையவை. யூரோவிஷன் வரலாற்றில் ஜெர்மனியின் முதல் பாட்டு இதுதான். இன்றைக்கும் அந்த வரிசையில் இவ்வளவு அடர்த்தியான பாட்டு வேறொன்று வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

முதலில் தலைப்பு. 'வார்ட்டஸால்' என்றால் பயணிகள் காத்திருக்கும் கூடம். 'ட்ஸும்' என்பது போய்ச்சேரும் இடத்தைக் காட்டும் சொல், நம் நான்காம் வேற்றுமை 'கு' மாதிரி. 'க்ரோஸன்' என்றால் பெரிய. கடைசிச் சொல்லான 'க்லுக்'கில்தான் சிக்கல். ஜெர்மனில் அதிர்ஷ்டத்துக்கும் மகிழ்ச்சிக்கும் அந்த ஒரே சொல்தான். 'அதிர்ஷ்டம்' என்று மட்டும் பெயர்த்தால் லாட்டரிச் சீட்டு வாடை வருகிறது. 'மகிழ்ச்சி' என்று மட்டும் போட்டால் காத்திருப்பதன் அர்த்தம் போய்விடுகிறது. நம் 'நற்பேறு' ஓரளவு இரண்டையும் தொடும். ஆக, தலைப்பு 'பெரும் நற்பேற்றுக்கான காத்திருப்போர் கூடத்தில்' என்றாகிறது. உச்சரிப்பிலும் ஒரு நுணுக்கம் உண்டு. தமிழ் எழுத்தில் 'லு' என்று எழுதினாலும், உதட்டை 'உ'வுக்குக் குவித்துக்கொண்டு 'இ' சொல்ல வேண்டும். வெறும் 'உ'வாகச் சொன்னால் ஜெர்மன்காரர் காதுக்கு அது வேறு ஒலி.

கூடம் என்றதும் ரயில் நிலையம்தான் நினைவுக்கு வரும். பாட்டில் இருப்பதோ துறைமுகம். கப்பல் அபூர்வமாகவே புறப்படும் துறைமுகம் அது. 'கடந்த காலம்' என்ற கரையோரம் கடலைப் பார்த்தபடி ஒரு கூடம் கட்டினார்கள். நிஜம் உள்ளே வராதபடி கனவுகளால் சுவர் எழுப்பினார்கள், நிஜத்தை அவர்களுக்கு அவ்வளவாகப் பிடிக்காததால். முதல் கண்ணி சொல்வது சுருக்கமாக இதுதான். பல்லவி அந்தக் கூடத்துக்குள் நம்மைக் கொண்டுபோகிறது. அங்கே நிறையப் பேர் காத்திருக்கிறார்கள். நாளைய நற்பேற்றுக்காக நேற்றிலிருந்து காத்திருப்பவர்கள். நாளை மறுநாளுக்கான ஆசைகளோடு வாழ்பவர்கள். இன்று என்று ஒன்று இருப்பதே அவர்களுக்கு மறந்துபோயிற்று.

இங்கே காலம் எப்படிக் கையாளப்படுகிறது என்று பாருங்கள். 'கெஸ்டர்ன்', 'மோர்கன்', 'யூபர்மோர்கன்', 'ஹொய்ட்ட': நேற்று, நாளை, நாளை மறுநாள், இன்று. நான்கு சொல்லும் ஒரே பல்லவிக்குள் வந்துவிடுகின்றன. 'இன்று' மட்டும் கடைசியில்தான் வருகிறது, அதுவும் மறந்துபோன பொருளாக. 'மக்கள்' என்ற பொருளுள்ள 'லொய்ட்ட'வோடு அது இயைபுத் தொடையாகச் சேர்கிறது. அதனால் 'மக்கள்' என்று பாடும்போதெல்லாம், அவர்கள் தொலைத்த 'இன்று' காதில் எதிரொலிக்கிறது. கண்ணி இறந்த காலத்தில் நடக்கிறது, பல்லவி நிகழ்காலத்தில். கூடத்தைக் கட்டியது அன்று, காத்திருப்பது இப்போதும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து 11 வருடங்களே ஆகியிருந்தன. முந்தைய ஆண்டுதான் வுல்ஃப்ஸ்புர்க் ஆலையில் பத்து லட்சமாவது ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார் வெளிவந்திருந்தது. பொருளாதாரம் கிடுகிடுவென ஏறிக்கொண்டிருந்த நாட்டில், கடந்த காலக் கரையில் கனவுச் சுவர் எழுப்பியவர்களைப் பற்றிப் பாட நெஞ்சுரம் வேண்டும். பாட்டு எந்தப் பெயரையும் சொல்வதில்லை, யாரையும் குற்றம் சாட்டுவதும் இல்லை. அவர்களுக்காகப் பரிதாபப்படுகிறது, அவ்வளவுதான்.

அதே போட்டியில் ஜெர்மனியின் இரண்டாவது பாட்டு நேர் எதிர். ஃப்ரெடி க்வின் பாடிய 'ஸோ கேட் டாஸ் யேட நாக்ட்' ராக் அண்ட் ரோல் துள்ளல். ஒவ்வொரு நாளும் வேறொருவனோடு வெளியே போகும் காதலியைப் பற்றிப் புலம்பும் பாட்டு. இசை லோட்டார் ஓலியாஸ், வரிகள் பேட்டர் மோஸர். ஒரே நாட்டிலிருந்து இப்படி இரண்டு துருவங்கள் வந்ததற்குக் காரணம் அந்த ஆண்டின் விதி: ஏழு நாடுகள், நாட்டுக்கு இரண்டு பாட்டு, மொத்தம் 14. அவற்றில் மூன்று ஜெர்மன் மொழிப் பாட்டுகள். மூன்றாவது சுவிட்சர்லாந்துக்காக லிஸ் அஸியா பாடிய 'டாஸ் ஆல்ட்ட கருஸெல்'. அவர் வென்றதோ தன் பிரெஞ்சுப் பாட்டான 'ரெஃப்ரான்' மூலம்.

ஷ்வார்ட்ஸுக்கு இரண்டாம் இடம் கிடைத்ததாகப் பல இடங்களில் எழுதியிருப்பார்கள். நம்ப வேண்டாம். வென்ற பாட்டை மட்டுமே அறிவித்தார்கள், மற்ற இடங்களும் புள்ளிகளும் வெளியிடப்படவே இல்லை. நாட்டுக்கு இரண்டு நடுவர்கள், ஒவ்வொரு பாட்டுக்கும் 1 முதல் 10 வரை புள்ளி, ரகசிய வாக்கெடுப்பு. சொந்த நாட்டுப் பாட்டுக்கும் புள்ளி போடலாம். லக்ஸம்பர்க் நடுவர்கள் வராததால் அவர்கள் பங்கையும் சுவிஸ் தரப்பே போட்டது. புள்ளிகள் வெளியே தெரியாத இந்த ஏற்பாட்டில் இரண்டாம் இடம், கடைசி இடம் என்று யார் சொன்னாலும் அது ஊகம்தான். அடுத்த ஆண்டே இந்த முறையை மாற்றி, புள்ளிகளை எல்லோர் முன்னும் அறிவித்தார்கள்.

கேட்க விரும்புகிறவர்களுக்கு: அன்றைய தொலைக்காட்சி ஒளிபரப்பின் முழுப் பதிவு இன்று இல்லை. எஞ்சியிருப்பதில் முக்கியமானது, வென்றபின் லிஸ் அஸியா மறுபடி பாடிய காட்சி. ஷ்வார்ட்ஸ் லுகானோவில் பாடியதை ஒலிப்பதிவாகத்தான் கேட்க முடியும். இசைத்தட்டுக்காகப் பதிவு செய்த வடிவமும் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். முதல் தடவை மெட்டைத் தேடாதீர்கள். பாதி பாடி, பாதி சொல்லிப் போகிற காபரே மேடைப் பாணி அது, சொல்லை முன்னால் வைத்துத்தான் நகரும். வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். லுகானோ வரிசைப்படி கேட்பதானால் முந்தைய பாட்டிலிருந்தே தொடங்குங்கள். பெல்ஜியத்தின் ஃபூட் லெக்லெர் ஸேன் நதியில் மூழ்கிப்போனவர்களைப் பற்றிப் பாடி முடிக்கிறார். அடுத்து இந்தத் துறைமுகக் கூடம் திறக்கிறது.