போல்டர் சிட்டி பழைய ஊர், 1:160 மாதிரி: இதுவரை நடந்த வேலை

ஹூவர் அணை கட்ட வந்தவர்களுக்காக 1931இல் நெவாடா பாலைவனத்தில் எழுப்பிய ஊர் போல்டர் சிட்டி. 1:160 அளவில் ஒரு கிலோமீட்டரே 6.25 மீட்டர் நீளும். அதனால் 120 × 60 செ.மீ. பலகையில் 1932இல் இருந்தபடி ஒரு துண்டு மட்டும்: மேட்டில் அரசுப் பொறியாளர்களின் செங்கல் வீடுகள், நடுவில் அரிசோனா தெருக் கடைகள், கீழே ஒப்பந்தக்காரர்களான சிக்ஸ் கம்பெனீஸ் அவசரமாகப் போட்ட மர வீடுகள். இடையிலுள்ள தெருக்களைச் சுருக்கலாம். சரிவைத் தட்டையாக்கக் கூடாது. ஊர்த் திட்டக்காரர் சாக்கோ டி போயர் வரைந்த முக்கோண ஊரின் உச்சியில் நிர்வாகக் கட்டடம் நிற்கிறது. மேட்டில் யார், பள்ளத்தில் யார் என்பது மாதிரியிலும் தெரிய வேண்டும்.

தரைக்கு 5 மி.மீ. சன்போர்டு (நுரைப் பலகை) அடுக்குகள், ஓர் அடுக்கு நிஜத்தில் 80 செ.மீ. உயரம். மேலே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. 3 மி.மீ.க்கு மேல் ஒரே பூச்சாகப் போட்டால் காயும்போது வெடிக்கும். டீ வடிகட்டியில் சலித்த மண்ணைத் தூவி, ஃபெவிகால் ஒன்றுக்குத் தண்ணீர் மூன்று கலந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி சேர்க்காவிட்டால் கலவை மண்ணுக்குள் இறங்காது, மேலேயே முத்து முத்தாக நிற்கும். தின்னர் கலந்த ஸ்ப்ரேயை இந்தப் பலகை பக்கமே கொண்டுவரக் கூடாது; வெட்டு விளிம்பில் நுரை கரைந்து குழி விழும்.

வீட்டு அளவுகளைப் பழைய படங்களிலிருந்தே எடுக்கலாம். நேர் எதிரே நின்று எடுத்த படமாக இருக்க வேண்டும். அமெரிக்க வாசல் கதவு வழக்கமாக 6 அடி 8 அங்குலம், இங்கே 12.7 மி.மீ. மற்றதெல்லாம் அந்த விகிதத்தில் வந்துவிடும். செங்கல் ஒரு வரி 0.42 மி.மீ.தான், கையால் கீறினால் முரடாகத் தெரியும். அச்சிட்ட தாளே நல்லது. தாளுக்கு ஃபெவிகாலில் தண்ணீர் கலந்தால் சுவர் வளையும். உள்ளே குறுக்குத் தாங்கல் கட்டாயம்.

மர வீடுகள் 0.5 மி.மீ. பிளாஸ்டிக் ஷீட்டில். ஒரே அச்சுத் தகட்டில் வரிசையாக வெட்டினால் போதும், நிஜத்திலும் அவை அப்படித்தான் எழுந்தன. இன்றைய படங்களை நம்ப வேண்டாம். பிற்காலத்தில் சேர்த்த அறைகள் உருவத்தையே மாற்றிவிட்டன.

அரிசோனா தெருவின் நடைபாதை வளைவுகள் பாதிவரை வந்திருக்கின்றன. வெயிலுக்கு நிழல் தர அமைத்தவை என்பதால், விளக்கை மேலிருந்து சாய்வாகப் பிடித்து நிழல் கடைவாசல்வரை விழுகிறதா என்று பார்த்துவிட்டே தூண்களை ஒட்ட வேண்டும்.

மரங்கள் கடைசி வேலை. ஊரின் தோட்ட வேலையைப் பார்த்த வில்பர் வீட் ஆயிரக்கணக்கில் நட்டவை 1932இல் இன்னும் கன்றுகளே. 9 மி.மீ. உயரத்துக்கு மேல் எதுவும் வேண்டாம்.