ஏ.ஆர். காப்பியில் ஏறிய பொய்

தம்பியை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனது ஒரு வியாழக்கிழமை இரவு. தெருவில் நடந்த அடிதடியில் அவன் பெயரும் இருந்தது. தப்பு செய்திருந்தால் வழக்கு நடக்கட்டும் என்றுதான் நாங்களும் இருந்தோம். மறுநாள் மதியம் மதுரை பெரியாஸ்பத்திரி வாசலில் பார்த்தபோது இடது கையில் மாவுக்கட்டு. காலை அகட்டி அகட்டி வைத்து நடந்தான். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்க்கா" என்றான். கண் என் மேல் இல்லை, கூட நின்ற ஏட்டையா மேல்தான் இருந்தது.

அதே வார்த்தைதான் ஏ.ஆர். காப்பியிலும், அதாவது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகலிலும், ஏறியிருந்தது. காயம் எங்கே, எத்தனை மணிக்கு, எதனால் ஏற்பட்டது என்று டாக்டர் அதில் எழுதுவது பெரும்பாலும் அடிபட்டவர் சொல்வதைத்தான். அடித்தவர்களே பக்கத்தில் நிற்கும்போது என்னத்தைச் சொல்வான்? மாஜிஸ்திரேட் "போலீஸ் அடித்தார்களா?" என்று கேட்டதற்கும் இல்லை என்று தலையாட்டிவிட்டான்.

அவனை ரிமாண்டில் வைத்திருந்த புது ஜெயில் ரோடு மத்திய சிறையில் மனு போட்டுப் பார்த்த அன்றுதான் வாயைத் திறந்தான். உடனே எங்கள் வக்கீலம்மா, டாக்டர்கள் மறுபடி பரிசோதிக்க வேண்டும் என்று கோர்ட்டில் மனு கொடுத்தார். உத்தரவும் கிடைத்தது. அந்த அறிக்கைதான் எங்களைக் காப்பாற்றியது. இரண்டு தொடையின் பின்பக்கமும் ஜோடி ஜோடியாகக் கன்றிய கோடுகள், ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில் வெளிறிய தோல். உருண்டைத் தடி வேகமாகப் படும்போது ரத்தம் இரண்டு ஓரமும் ஒதுங்கி இப்படித்தான் தடம் விழும் என்று வக்கீலம்மா விளக்கினார். வழுக்கி விழுந்தால் முட்டி, முழங்கை என்று எலும்பு துருத்தும் இடத்தில்தான் அடிபடும்.

நாள் போகப் போகக் கன்றல் மங்கிவிடும். இந்த நிலைமையில் இருக்கிறவர்கள் முதல் வாரத்தைக் கோட்டை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் எங்கே புகார் கொடுப்பது என்ற குழப்பம். 2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் காவல்துறை மீதான புகார்களுக்கென்று தனி ஆணையம் வேண்டும் என்றது. 2013-ல் தமிழ்நாடு போட்ட சட்டமோ மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரைத் தலைவராக்கி, டி.ஜி.பி.யை உறுப்பினராக வைத்தது. போலீஸ் மீதான புகாரைப் போலீஸ் தலைவரே உட்கார்ந்து கேட்டால் எங்களைப் போன்றவர்களுக்கு எப்படி நம்பிக்கை வரும்? ஆகவே மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போனோம். கட்டணம் கிடையாது, தமிழிலேயே எழுதலாம், சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். சென்னைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொண்டோம்.

ஸ்டேஷன் கேமரா பதிவை அழிக்கக் கூடாது என்று தேதி, நேரம் போட்டு முன்னாடியே ஒரு கடிதம் கொடுத்திருந்தோம். பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே வருடம் சாத்தான்குளம் ஸ்டேஷனில் பதிவு அன்றன்றே அழிகிற மாதிரி வைத்திருந்தார்கள் என்பது விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டின் அறிக்கையில் வெளிவந்தது. எங்களுக்கு வந்த பதில் "கேமரா பழுது". அந்தப் பதிலையும் புகாரோடு சேர்த்தோம்.

ஆணையம் முதலில் அறிக்கை கேட்டது அதே துறையின் மேலதிகாரியிடம். "புகாரில் உண்மையில்லை" என்று இரண்டு பக்கம் வந்தது. அம்மா அன்று சாப்பிடவே இல்லை. வரிக்கு வரி மறுப்பு எழுதி, ஆணையத்தின் சொந்தப் புலனாய்வுப் பிரிவு விசாரிக்க வேண்டும் என்று கேட்டோம். சரி என்றார்கள்.

நல்லவேளை, ஆணையம் மதுரைக்கே வந்து அமர்வு நடத்தியதால் சென்னைக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. புகாருக்கு ஆளான போலீஸ் அதிகாரி அங்கேயும் வழுக்கி விழுந்த கதையைத்தான் சொன்னார். ஆணைய உறுப்பினர், டாக்டர்கள் கொடுத்த அறிக்கையைப் புரட்டி, தொடைக் காயம் பற்றிய வரியைச் சத்தமாகப் படித்துவிட்டு, "இது எப்படி வந்தது?" என்று கேட்டார். பதில் வரவில்லை.

பல மாதம் கழித்து உத்தரவு வந்தது. இழப்பீடு ஒரு லட்சம், அதைச் சம்பந்தப்பட்டவர்கள் சம்பளத்தில் பிடிக்க வேண்டும், துறை நடவடிக்கை எடுக்க வேண்டும். ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. அந்தத் தைரியத்தில் பணத்துக்குக் காத்திருக்கிறோம்.

தம்பி பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "ஏ.ஆர். காப்பியில இருக்கிறத மாத்துவாங்களாக்கா?" என்றான். அது அப்படியேதான் இருக்கும் என்றேன். தடியால் அடித்த காயம் என்று எழுதியிருந்த பக்கத்தை உத்தரவில் எடுத்துக் கொடுத்தேன். ரொம்ப நேரம் படித்துக்கொண்டிருந்தான்.