கறிவேப்பிலைக்காகக் கட்டிய கண்ணாடி வீடு

எங்கள் வீட்டில் ஒரு கறிவேப்பிலை மரம் இருக்கிறது. மரம் என்று எழுதுவது அம்மாவின் மனம் நோகக்கூடாது என்பதற்காக. உண்மையில் அது பெரிய பூச்சாடியில் என் நெஞ்சளவு உயரத்துக்கு நிற்கும் ஒரு செடி. கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் கறிவேப்பிலை வளர்க்கும் எல்லோருக்கும் அதன் வருடாந்தச் சடங்கு தெரியும். மே மாதம் விக்டோரியா டே லீவில் வெளியே தூக்கி வைப்போம். செப்டம்பர் கடைசியில் முதுகு பிடித்துக்கொள்ள உள்ளுக்கு இழுத்து வருவோம். நவம்பரில் இலை மஞ்சளாகும். ஜனவரியில் குச்சிதான் மிஞ்சும். பெப்ரவரியில் அம்மா அதன் பக்கத்தில் கதிரையைப் போட்டு அதோடு கதைக்கத் தொடங்குவார்.

அதற்கு ஒரு கிரீன்ஹவுஸ், அதாவது வெயிலை உள்ளே விட்டுக் குளிரைத் தடுக்கும் ஒரு கண்ணாடி வீடு, கட்டிக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பினேன். இந்தக் கதை அந்த நம்பிக்கையில் தொடங்குகிறது.

முதலாவது கிரீன்ஹவுஸ் பெட்டியில் வந்தது. 2021 இல் வாங்கினேன். மெல்லிய அலுமினியச் சட்டம், 4 மில்லிமீட்டர் தடிப்பில் வெளிச்சம் புகும் பிளாஸ்ரிக் தகடு, அவற்றைப் பிடித்துக்கொள்ள நூறு சின்னக் கம்பிக் கிளிப்புகள். இரண்டு சனிக்கிழமையில் பூட்டி முடித்தேன். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. அம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, கண்ணாடி வீடு கட்டியிருக்கிறாய், காத்தடிச்சா நிக்குமோ?" என்று கேட்டார். சிரித்தேன்.

2022 மே 21, சனிக்கிழமை. செடிகளை வெளியே வைக்கும் அதே நீண்ட வார இறுதி. மத்தியானம் வீட்டில் இருந்த கைபேசிகள் எல்லாம் ஒன்றாக அலறின. எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தின் தெற்கைக் கடந்துபோன அந்தப் புயல் எங்கள் வளவில் நின்றது சில நிமிடங்கள்தான். மேற்குப் பக்கத்தில் ஒரு தகடு கிளிப்பிலிருந்து கழன்றது. ஒன்று கழன்றால் போதும். காற்று உள்ளே புகுந்து மற்றவற்றை உள்ளிருந்து வெளியே தள்ளியது. ஐந்து தகடுகளைப் பக்கத்து வீட்டு வளவில் பொறுக்கினேன், ஒன்றை எங்கள் தெருமுனையில். மிச்சத்தை எங்கே என்று கேட்காதீர்கள். அம்மா ஒன்றுமே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

பக்கத்து வீட்டில் இருப்பவர் எண்பது வயதைத் தாண்டிய ஓர் இத்தாலியத் தாத்தா. அவரிடம் ஓர் அத்தி மரம் உண்டு. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அதன் ஒரு பக்க வேரை மண்வெட்டியால் வெட்டி, மரத்தை மெதுவாகச் சாய்த்து, பள்ளத்துக்குள் படுக்க வைத்து, மேலே பலகையும் மண்ணும் இலைச் சருகும் போட்டு மூடிவிடுவார். ஏப்ரலில் தோண்டி நிமிர்த்துவார். ரொறன்ரோ இத்தாலியர்கள் பலர் பல காலமாகச் செய்யும் வேலை இது. என் தகடுகளைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது, குளிரோடு சண்டை போடாதே, அதற்குக் கீழே ஒளிந்துகொள் என்றார். அப்போது அது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

இரண்டாவதை நானே கட்டுவது என்று முடிவெடுத்தேன். கடைக்குப் போகுமுன் ஒரு முழுக் குளிர்காலம் வளவைப் பார்ப்பது என்றும் முடிவெடுத்தேன். இந்த முழு வேலையிலும் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

எல்லோரையும் போல முதலாவதை வளவின் கடைசி மூலையில், தெற்கு வேலியோரமாக வைத்திருந்தேன். கோடையில் அங்கே வெயில் கொளுத்தும். ஆனால் டிசம்பர் கடைசியில் நண்பகலில்கூட ரொறன்ரோவில் சூரியன் அடிவானத்திலிருந்து 23 பாகைக்கு மேல் ஏறாது. அந்தக் கோணத்தில் 6 அடி வேலியின் நிழல் 14 அடிக்கு நீளும். டிசம்பர் லீவில் வெயில் எறித்த ஒரு நாள், ஸ்நோவுக்குள் நின்று நிழலின் ஓரத்தில் குச்சிகளை நட்டேன். என் பழைய கிரீன்ஹவுஸ் நின்ற இடம் முழுக்க நிழலுக்குள் கிடந்தது. வெயில் விழுந்தது வீட்டுச் சுவருக்குப் பக்கத்தில், குசினி ஜன்னலுக்கு நேர் எதிரே. ஜன்னலை மறைக்கப் போகிறாயா என்று மனைவி கேட்டதையும், அதன் பின் நடந்த பேச்சுவார்த்தையையும் இங்கே எழுதவில்லை. நீளப் பக்கம் தெற்கைப் பார்க்க, ஜன்னலை விட்டு விலத்தி வைப்பதாக முடிந்தது.

கிண்டுவதற்கு முன், நிலத்துக்கடியில் குழாயும் வயரும் எங்கே போகின்றன என்று குறித்துத் தரும் ஒன்ராறியோ வன் கோல் சேவைக்கு அறிவிக்க வேண்டும். காசு இல்லை. ஆட்கள் வந்து புல்லின் மேல் நிறத்தால் கோடு போட்டுவிட்டுப் போவார்கள். மஞ்சள் காஸ், சிவப்பு கரண்ட், செம்மஞ்சள் தொலைபேசி, இன்ரர்நெற். எங்கள் செம்மஞ்சள் கோடு நான் குறித்த இடத்தின் நடுவால் போனது. மூன்றடி தள்ளினேன். அனுமதி விஷயத்தில் தலையிடி இல்லை. ஒன்ராறியோவில் 10 சதுர மீட்டருக்கு மேற்படாத, தண்ணீர்க் குழாய் இல்லாத தனிக் கொட்டிலுக்குக் கட்டட அனுமதி தேவையில்லை. என்னுடையது 8 அடிக்கு 12 அடி, 9 சதுர மீட்டர்கூட வராது. வேலியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்ற நகரசபை விதி அப்போதும் உண்டு, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனிக் கணக்கு. இதை முதலிலேயே போட்டிருந்தால் என் நம்பிக்கை கொஞ்சம் முன்னாலேயே உடைந்திருக்கும்.

என் அளவில் ஒரு கிரீன்ஹவுஸின் சுவரும் கூரையும் சேர்ந்து ஏறத்தாழ 34 சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் இரட்டைச் சுவர் பொலிகாபனேற் பிளாஸ்ரிக் தகடு போட்டால், ஒவ்வொரு சதுர மீட்டரும் ஒரு பாகை வித்தியாசத்துக்கு 3 வாட் அளவு வெப்பத்தை வெளியே விடும். வெளியே சைபருக்குக் கீழே 20, உள்ளே 5 வேண்டும் என்றால் வித்தியாசம் 25 பாகை. பெருக்கிப் பாருங்கள், 2,550 வாட் வருகிறது. இடுக்குகளால் ஓடும் காற்றை இதில் சேர்க்கவில்லை. வீட்டுச் சுவரில் செருகும் சாதாரண ஹீற்றர் 1,500 வாட்தான். இரண்டு ஹீற்றர், இரண்டு தனி வயர், இரவு முழுக்க. அதுவும் 5 பாகையில் கறிவேப்பிலை சாகாமல் இருக்குமே தவிர ஒரு கொழுந்து விடாது. அதற்கு 15, 20 வேண்டும். ஒரு சாடிக்காக வளவைச் சூடாக்கும் பணக்காரன் நானில்லை.

தண்ணீர்ப் பீப்பாய் வைத்தால் போதும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். பகல் வெயிலில் சூடாகி இரவில் வெப்பத்தை விடும் என்பது உண்மைதான். 200 லீற்றர்ப் பீப்பாய் ஒன்று 10 பாகை ஆறும்போது விடுவது 2.3 கிலோவாட் மணி, அதாவது அந்தச் சின்ன ஹீற்றர் ஒன்றரை மணித்தியாலம் ஓடியதற்குச் சமம். அவ்வளவுதான். ஆனால் அதே தண்ணீர் உறையும்போது 18 கிலோவாட் மணிக்கு மேல் விடும். ஆகவே பீப்பாயின் உண்மையான உதவி சைபர் பாகைக்குப் பக்கத்தில்தான் தொடங்குகிறது. நான் இரண்டு வைத்திருக்கிறேன், வெடிக்காமலிருக்க மேலே ஒரு சாண் வெறுமையாக விட்டு.

சூடாக்க முடியாது என்றால் என்ன செய்வது? ஒளிந்துகொள்ளத்தான் வேண்டும். தாத்தா சொன்னது அப்போதுதான் விளங்கியது. வடக்குப் பக்கத்தால் குளிர்காலத்தில் வெளிச்சம் பெரிதாக வராது, வெப்பம் மட்டும் போகும். சீனாவில் ஷான்டொங் மாகாணத்து விவசாயிகள் வடக்கே தடித்த மண்சுவர் எழுப்பி, தெற்கை மட்டும் பிளாஸ்ரிக்கால் மூடிக் குளிர்காலத்தில் மரக்கறி விளைவிக்கிறார்கள். நானும் வடக்குச் சுவரை முழுப் பலகையாக்கி உள்ளே நுரைத்தகடு அடைத்தேன். உட்பக்கம் வெள்ளைப் பெயின்ற். சுற்றிவர நிலத்துக்குள் 2 அடி ஆழத்துக்கு 2 அங்குல நுரைத்தகட்டை நிமிர்த்திப் புதைத்தேன், பக்கவாட்டால் குளிர் வேருக்கு ஊராமலிருக்க.

தூண்களுக்கு ஆறு குழி. இங்கே நிலம் 4 அடி ஆழம் வரை உறையலாம் என்பது கணக்கு. அதைவிட ஆழம் குறைவாக நிறுத்தும் எதையும் உறையும் நிலம் மேலே தூக்கிவிடும். துளைபோடும் மெஷினை ஒருநாள் வாடகைக்கு எடுத்தேன். ஸ்காபரோக் களிமண்ணைப் பற்றி எனக்கு நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாவது குழியில் மெஷின் ஒரு கல்லில் மாட்டி என்னைச் சுழற்றிவிட்டது. மிச்சத்தை மச்சானும் நானும் அலவாங்கால் கிண்டினோம்.

தகடு பூட்டும்போது தெரிந்திருக்க வேண்டியவை இரண்டு. அவை கோடையில் நீண்டு குளிரில் சுருங்கும். 8 அடித் தகடு, ஜனவரிக்கும் ஜூலைக்கும் இடையே ஒரு சென்ரிமீட்டர் மாறும். ஸ்குறூவுக்குச் சரியான அளவில் துளை போட்டால் வெடிக்கும், பெரிதாகப் போட்டு றப்பர் வளையம் வைக்க வேண்டும். மற்றது, வெயிலைத் தாங்கும் பூச்சு ஒரு பக்கத்தில்தான் இருக்கிறது. மேலே ஒட்டியிருக்கும் எழுத்துப் போட்ட படலம்தான் அடையாளம். நான் ஆர்வக்கோளாறில் இரண்டு தகட்டின் படலத்தை முதலே உரித்துவிட்டேன். எது வெளிப்பக்கம் என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், தடவிப் பார்த்தேன், தெரியவில்லை. அந்த இரண்டும் இப்போது மிளகாய்க் கன்றுப் பெட்டிக்கு மூடியாக இருக்கின்றன.

செலவை முழுதாக எழுதவில்லை, மனைவியும் இதை வாசிப்பார். மரமும் தகடும் மட்டும் 3,000 டொலரைத் தாண்டின என்று அவருக்குத் தெரியும்.

2023 ஓகஸ்ட் கடைசியில் கீரை விதைத்தேன். ஊர்க் கீரை அல்ல, இங்கத்தைய ஸ்பினாச், கேல், மாஷ் என்ற சின்ன இலைக் கீரை. நவம்பர் முதல் வாரத்திலிருந்து பெப்ரவரி முதல் வாரம் வரை இங்கே பகல் பத்து மணித்தியாலத்துக்குக் குறைவு. அந்தக் காலத்தில் எதுவும் பெரிதாக வளராது, நிற்கும். அதனால் நவம்பருக்கு முன்பே முக்கால்வாசி வளர்ந்திருக்க வேண்டும். முதல் வருடம் ஒரு வாரம் பிந்திவிட்டேன், இலைகள் பெருவிரல் நகம் அளவில் மூன்று மாதம் அப்படியே நின்றன. அடுத்த வருடம் பிந்தவில்லை.

போன ஜனவரியில் ஒரு காலை. வெளியே சைபருக்குக் கீழே 19. கதவு நிலையோடு உறைந்து ஒட்டியிருந்தது, தோளால் ஒரு இடி. உள்ளே சைபருக்குக் கீழே 11. தகடுகளின் உட்பக்கம் முழுக்கப் பூப்பூவாக உறைபனி. பாத்திக்கு மேல் வளைகம்பியில் போர்த்தியிருந்த வெள்ளைத் துணியை ஒரு ஓரத்தில் தூக்கினேன். அதற்குள் வைத்திருந்த வெப்பமானியில் சைபருக்குக் கீழே 3. ஸ்பினாச் இலைகள் கருமையாக, கண்ணாடி போல விறைத்து, நிலத்தோடு சரிந்து கிடந்தன. முடிந்தது கதை என்று துணியை விட்டுவிட்டு வேலைக்கு உட்கார்ந்தேன். வீட்டிலிருந்துதான் வேலை. பதினொன்றரைக்குத் தேநீரோடு போய்ப் பார்த்தால், வெயில் ஏறி உள்ளே 9 பாகை, கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, ஸ்பினாச் நிமிர்ந்து நிற்கிறது. காலையில் கை வைத்திருந்தால் அந்த இலை செத்திருக்கும். உறைந்த இலையைத் தொடக்கூடாது, இளகும் வரை காத்திருக்க வேண்டும். இளகியதைக் கிள்ளி வாயில் போட்டால் ஒரு இனிப்பு. குளிருக்கு அது தனக்குள் சீனியைச் சேர்த்துக்கொள்கிறது.

மார்ச்சில் பிரச்சினை தலைகீழ். வெளியே சைபர், வெயில் அடித்தால் உள்ளே 30. கூரை ஜன்னலில் மெழுகு அடைத்த ஒரு சின்ன உருளை இருக்கிறது. சூட்டுக்கு மெழுகு விரிந்து ஜன்னலைத் தள்ளித் திறக்கும், ஆறினால் மூடும். கரண்ட் வேண்டாம். இந்த முழுக் கட்டடத்திலும் என்னை ஒருநாளும் ஏமாற்றாத சாமான் அதுதான். ஏப்ரலில் மட்டும் மிளகாய், கத்தரிக் கன்றுகளுக்காக ஹீற்றரை இரவில் போடுவேன்.

கறிவேப்பிலை? ஏப்ரல் கடைசியில் போய் ஒக்டோபர் நடுவில் திரும்பி வருகிறது. முன்பை விட ஏறத்தாழ ஒன்றரை மாதம் கூட வெயில். இந்த வருடம் முதல்முறையாக ஜனவரியிலும் அதில் இலை இருந்தது. இருந்த இடம், வழமைபோல, அம்மாவின் அறை ஜன்னல்.

போன ஞாயிறு கேல் இலையைப் பொடியாக அரிந்து தேங்காய்ப்பூப் போட்டு வறை செய்தார். தாளிக்கப் போகும்போது கிண்ணத்தைப் பார்த்தேன், கறிவேப்பிலை ஆறே ஆறு இலை.

"இவ்வளவுதானா அம்மா? மரம் நிறைய நிக்குதே."

"அது இப்பதான் உயிர் பிடிச்சு நிக்குது. நீ உன்ர கண்ணாடி வீட்டுக் கீரையைச் சாப்பிடு."